கேள்வி - பதில்: இருநூறு விண்ணப்பம் போட்டாச்சு, ஒரு பதிலும் இல்லையே!

கேள்வி: வேலை போய் ஆறு மாதம் ஆகிறது. கண்ணில் பட்ட வேலைத் தளங்களில் எல்லாம் விண்ணப்பித்துவிட்டேன், இருநூறைத் தாண்டியிருக்கும். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று தானாக வரும் மெயிலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. தெரிந்தவர்களிடம் கேள் என்கிறார்கள். என் நெருங்கிய நண்பர்கள் எல்லோருமே என்னோடு அதே கம்பெனியில் இருந்தவர்கள், பாதிப் பேர் என்னைப் போலவே வீட்டில்தான் இருக்கிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: நெருங்கிய நண்பர்களை விட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த காலியிடம் எல்லாம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஒரே வட்டத்துக்குள்தானே சுற்றுகிறீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களைப் பிடித்து இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆள் மூலமாகத்தான் கிடைத்திருந்தது, அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் "நண்பர் சொன்னாரா?" என்று கேட்டபோது, "நண்பரெல்லாம் இல்லை, சும்மா பழக்கம்" என்று பலர் திருத்தினார்களாம். தகவல் சொன்ன ஆளை அந்தச் சமயத்தில் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 17 சதவீதம் பேர்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55 சதவீதத்துக்கு மேல், மிச்சம் 28 சதவீதம் பேர் அரிதாகப் பார்த்தவர்கள். இது 1973-ல் வெளியான கட்டுரை. பழங்கதை என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் 2022-ல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்விலும் ஏறத்தாழ இதுவேதான் வந்தது: ரொம்ப நெருக்கமும் இல்லாமல், முகமே தெரியாத ஆளாகவும் இல்லாமல் நடுவில் இருப்பவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார்கள். (கம்ப்யூட்டர் புழக்கம் குறைவான துறைகளில் மட்டும் நெருங்கியவர்களே அதிகம் பயன்பட்டார்கள். உங்கள் துறை எது என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.)

அப்படியென்றால் யாரைத் தேடுவது? மூன்று வருடம் முன்பு உங்கள் கம்பெனியை விட்டுப் போன சீனியர், ஒரே ஒரு வேலைக்காக உங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்த சப்ளையர் தரப்பு ஆள், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், இப்படிப்பட்டவர்கள். அவர்களிடம் "ஏதாவது இருந்தால் சொல்லுங்க சார்" என்று மட்டும் அனுப்பாதீர்கள். ஏதாவது என்றால் எது? அவரும் "கண்டிப்பாகச் சொல்கிறேன்" என்பார், அத்தோடு மறந்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். கிடங்குக் கணக்கை மென்பொருளுக்கு மாற்றியபோது உங்களோடு வேலை பார்த்தேன், ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது கொள்முதல் பிரிவில் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் இடத்தில் அந்தப் பிரிவு எப்படி நடக்கிறது, புதிதாக வருபவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் ஒரு பதினைந்து நிமிடம் போனில் பேச முடியுமா?"

வேலை தேடுகிறேன் என்பதை மறைக்கவும் இல்லை, வேலை வாங்கித் தரும் சுமையை அவர் தலையில் ஏற்றவும் இல்லை. பேசி முடிக்கும்போது "இது பற்றி வேறு யாரிடம் பேசலாம்?" என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள், பல சமயம் பதினைந்து நிமிடத்தில் அதுதான் உருப்படியான பகுதி.

விண்ணப்பம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, இருநூறு என்ற எண்ணிக்கையைத்தான் குறைக்கச் சொல்கிறேன். தளத்தில் பார்த்த விளம்பரம் அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஆள் எடுத்து முடித்த பிறகும் தளத்திலிருந்து நீக்காமலே கிடக்கும் விளம்பரங்கள் ஏராளம். அப்புறம் ரெஸ்யூமே. "கொள்முதல் பணிகளுக்குப் பொறுப்பு வகித்தேன்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள், அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. "நாற்பது சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்தேன், மாதக் கடைசியில் ஐந்து நாள் இழுத்த வேலையை இரண்டு நாளில் முடியும்படி மாற்றினேன்" என்று எழுதினால் ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். ரெஸ்யூமேக்களைக் கம்பெனியின் மென்பொருள் வடிகட்டுகிறது என்று எல்லாப் பழியையும் அதன் மேல் போடுகிறோம். வடிகட்டத்தான் செய்கிறது, அதனால் விளம்பரத்தில் இருக்கும் சொற்களை நீங்கள் உண்மையில் செய்த வேலைக்குப் பொருந்தும் இடத்தில் அப்படியே எடுத்துப் போடுங்கள், அது போதும். அதைத் தாண்டிப் போனால் மனிதர்தானே படிக்கப் போகிறார்.

கேள்வி: அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. பழைய கம்பெனியில் போன மாதம் வரை இருந்ததாகத் தேதியை நீட்டிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம்மா. பின்னணி சரிபார்க்கும்போது பழைய கம்பெனியிடம் வழக்கமாக முதலில் கேட்பதே சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இவற்றைத்தான். "குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள விலகியிருந்தேன், இப்போது முழுநேரம் வர முடியும்" என்று ஒரே வரி எழுதுங்கள். நேர்காணலிலும் அதே வரியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நீட்டி விளக்கப் போனால்தான் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: கல்லூரியில் கடைசி வருடம். ஆர்வத்தைக் கணிக்கும் தேர்வு எழுதினேன், 'ஆராய்ச்சி மனப்பான்மை, கலை நாட்டம்' என்று வந்தது. வீட்டில் வேறு சொல்கிறார்கள். அடுத்த பத்து வருடத்துக்கு எந்தத் துறைக்கு எதிர்காலம்?

பதில்: பத்து வருடக் கணக்கை யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். நீங்கள் எழுதிய தேர்வு, ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-ல் முன்வைத்த கருத்தை ஒட்டியதாக இருக்கும்: ஆட்களின் நாட்டத்தை ஆறு வகையாகப் பிரித்து, வேலைச் சூழல்களையும் அதே ஆறாகப் பிரித்துப் பொருத்திப் பார்ப்பது. பயனுள்ள விஷயம்தான். எது உங்களை இழுக்கிறது என்று அது சொல்லும், அது உங்களுக்குக் கை வருமா, அதற்கு ஆள் எடுக்கிறார்களா என்பதைச் சொல்லாது. அதற்கும் ஐம்பது வருடம் முன்பே வேலைத் தேர்வு ஆலோசனைக்கு முன்னோடியான ஃபிராங்க் பார்சன்ஸ் சொல்லிவைத்தது எளிமையானது: உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், இரண்டையும் சேர்த்து யோசி. நாம் முதலாவதற்குத் தேர்வு மேல் தேர்வாக எழுதுகிறோம், இரண்டாவதைத் தொடுவதே இல்லை.

அந்தத் துறைக்கு வந்து இரண்டு மூன்று வருடமே ஆன ஒருவரைப் பிடியுங்கள் (இருபது வருட அனுபவசாலி வேண்டாம், அவர் தொடக்க நாட்களை மறந்திருப்பார்). "உங்கள் துறை எப்படி?" என்று கேட்காமல், "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். தரவு ஆய்வு என்று கனவோடு போனவர் அன்று முழுக்க ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாகப் பதிவான பட்டியலைச் சரிசெய்திருப்பார். கட்டடக் கலைஞர் பாதி நாள் அனுமதிக் கோப்பைத் துரத்தியிருப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள், துறையின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இப்படி நாலு பேரிடம் கேட்டுவிட்டு வீட்டில் பேசினால் பேச்சின் தொனியே மாறும், 'எனக்குப் பிடிக்கும்' என்பதைவிட 'இன்ன வேலை, இன்ன சம்பளத்தில் ஆரம்பிக்கிறது, இவரிடம் பேசினேன்' என்பதற்குப் பெற்றோர் காது கொடுப்பார்கள்.

கேள்வி: இரண்டு இடத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்தும் பார்த்துவிட்டேன், இரண்டும் சமமாக வருகிறது. பழைய வேலையிலேயே இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: சமமாக வருகிறது என்றால் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை என்றுதான் அர்த்தம், அதற்கு ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? எது ஆகச் சிறந்தது என்று கடைசி வரை தேடும் கல்லூரி மாணவர்களைப் பற்றி 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மற்றவர்களைவிட 20 சதவீதம் அதிகச் சம்பளத்தில் சேர்ந்தார்கள், ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி மற்றவர்களைவிடக் குறைவு. பழைய இடத்திலேயே இருப்பதைப் பற்றி: பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இணையத்தில் நாணயம் சுண்டிக் கொடுத்தார், 20,000-க்கும் மேற்பட்ட முறை. பெரிய முடிவுகளில் 'மாறு' என்று விழுந்து மாறியவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள். நாணயத்திடம் கேட்க வந்தவர்கள் ஏற்கெனவே பாதி மனதோடு இருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நீங்களும் அந்த ரகம்தான் போலிருக்கிறது. இரண்டு இடத்திலும் உங்களுக்கு மேலதிகாரியாக வரப்போகிறவரோடு இன்னொரு முறை பேசிப் பாருங்கள், உங்கள் அட்டவணையில் அதற்கு மதிப்பெண் இருக்காது.

கேள்வி: நேர்காணலில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால் வாய் அடைத்துப் போகிறது.

பதில்: "இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று முதலில் திருப்பிக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சொல்ல மறுத்தால், அதே வேலையில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்த தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், அதைத் தாங்க முடியாமல்தான் பலர் தாங்களே பேசித் தொகையைக் குறைத்துவிடுகிறார்கள். ஒத்துக்கொண்ட தொகை கடிதத்தில் எழுத்தாக வந்த பிறகு பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தால் போதும்.