வாசகர் கேள்வி – பதில்: சுவரோடு சுவராக அடங்கிய வீடு

கேள்வி: துருக்கிய மரபு வீட்டு அலங்காரம் என்றாலே வண்ணக் கண்ணாடி விளக்குகளும், நீலப் பூ ஓடுகளும், தரைவிரிப்புகளும்தான் படங்களில் தென்படுகின்றன. பழைய வீடுகளின் உட்புறம் உண்மையில் இப்படித்தான் இருந்ததா?

பதில்: தரைவிரிப்பு இருந்தது; ஆனால் விளக்குகளையும் ஓடுகளையும் வைத்து அந்த வீடுகளை எடைபோட முடியாது. இஸ்னிக் நகரில் சுட்டெடுத்த பூ ஓடுகள் பெரும்பாலும் அரண்மனைகளுக்கும் மசூதிகளுக்கும் போயின. 1560-களில் இஸ்தான்புல்லில் எழுந்த ருஸ்தம் பாஷா மசூதியில் அவற்றின் அழகைக் கண்ணாரக் காணலாம். நகரத்து வீட்டின் சுவரோ பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சோடு வெள்ளையாகவே நின்றது.

அந்த வீட்டின் இயல்பை அறிய விரும்புவோர், 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற சஃப்ரன்போலு என்னும் ஊரின் ஓர் 'ஓடா'வை, அதாவது ஓர் அறையைப் பார்த்தால் போதும். நாற்காலி, மேசை, கட்டில் எதுவும் அங்கே கிடையாது. சன்னல்களை ஒட்டி, சுவரோடு சேர்த்தே கட்டிய 'செதிர்' என்னும் தாழ்வான திண்ணையில் மெத்தையும் திண்டுகளும் கிடக்கும்; நடுப்பகுதி காலியாக இருக்கும். சாப்பாட்டு வேளையில் அந்த இடத்தில் ஒரு பெரிய வட்டத் தாம்பாளத்தை வைத்து எல்லோரும் சுற்றி அமர்வார்கள். இரவானதும், ஒரு பக்கச் சுவர் முழுக்க அமைந்த 'யூக்லூக்' என்ற மர அலமாரியிலிருந்து படுக்கைகளை எடுத்து விரிப்பார்கள். விடிந்ததும் அவற்றைச் சுருட்டி மீண்டும் உள்ளே வைத்துவிடுவார்கள். அதே அலமாரியின் ஒரு கதவைத் திறந்தால், ஒருவர் மட்டுமே நின்று குளிக்கக்கூடிய சிறிய குளியலறை இருக்கும். உட்காரவும் உண்ணவும் உறங்கவும் குளிக்கவும் ஒரே அறை போதுமாக இருந்தது என்பதுதான், என் பார்வையில், துருக்கிய உள்ளலங்காரத்தின் உயிர்.

அலங்காரம் முழுவதும் தரைக்கும் கூரைக்கும் போய்விட்டது. கீழே கம்பளமும், 'கிலிம்' என்னும் தட்டையாக நெய்த விரிப்பும். மேலே, வசதி படைத்த வீடுகளில், மெல்லிய மரச்சட்டங்களைக் கோலம்போல் இழைத்த உட்கூரை. தரையிலேயே அமர்ந்து வாழ்பவரின் கண் இயல்பாக மேலே செல்லும் என்பதை அந்தத் தச்சர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சுழல் அலமாரி. ஆண் விருந்தினர் அமரும் 'செலாம்லிக்' பகுதிக்கும் பெண்கள் புழங்கும் 'ஹரெம்லிக்' பகுதிக்கும் இடையேயுள்ள சுவரில் அதைப் பொருத்தினார்கள். அந்தப் பக்கம் உணவுத் தட்டை வைத்துத் திருப்பினால், கொடுத்தவர் முகம் தெரியாமலே தட்டு இந்தப் பக்கம் வந்துவிடும்.

கேள்வி: 'சோபா', 'திவான்' என்ற சொற்கள் துருக்கியிலிருந்தா வந்தன?

பதில்: துருக்கி வழியாக வந்தவை. 'சோபா'வுக்கு வேர், திண்ணையைக் குறிக்கும் 'சுஃப்பா' என்ற அரபுச் சொல். 'திவான்' பாரசீகச் சொல். அரசவையைக் குறித்த அது, அவைக்கூடத்துச் சுவரோரம் போட்டிருந்த மெத்தை இருக்கைக்கும் பெயராயிற்று. துருக்கிய வீட்டில் 'சோஃபா' என்பதோ அறைகளெல்லாம் வாசல் திறக்கும் பொதுக்கூடம். கட்டடக் கலைஞர் செதாத் ஹக்கி எல்தெம் துருக்கிய வீடுகளை வகைப்படுத்தியபோது, அந்தக் கூடம் வீட்டின் வெளிப்புறத்தில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டார்.