பழைய ஸ்டம்ப் கிரைண்டர் வாங்கும் முன்: கேள்வி பதில்

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை அரைத்தெடுக்கும் ஸ்டம்ப் கிரைண்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் கேட்டவையும், என் பதில்களும்.

அண்ணா, நான் பார்த்த மெஷினில் பல் எல்லாம் புதிது. நம்பி வாங்கலாமா?

பல்லைக் கடைசியில் பாருங்கள். கல்லில் பட்டால் கார்பைடு முனை உடைந்துவிடும், கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பல் உட்காரும் பாக்கெட்டும், அதைத் தாங்கும் சக்கரமும், பேரிங்கும்தான் காசைத் தின்னும்.

எஞ்சினை அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தொடாத அளவுக்குத் தலைப்பகுதியைத் தூக்கி, இறங்காதபடி அடியில் கனமான கட்டை கொடுத்திருக்க வேண்டும். கையுறை போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாக, பிறகு பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. மெல்லச் சுற்றும்போது கரகரவென்று கேட்டாலும் அதேதான். அப்புறம் பாக்கெட்டின் போல்ட் துளைகள் வட்டமாகவே இருக்கின்றனவா, நீண்டுவிட்டனவா என்று பாருங்கள். துளை நீண்டிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் போல்ட் தளரும். வேலை நடுவே பல் பிய்த்துக்கொண்டு பறந்தால் அது ஆளைக் கொல்லக்கூடியது. சக்கரத்தின் பக்கங்கள் மண்ணில் உரசி மெலிந்திருந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

மீட்டரில் 400 மணி நேரம்தான் ஓடியதாகக் காட்டுகிறது.

மீட்டரை மாற்றுவது சுலபம், தேய்மானத்தை மறைப்பது கஷ்டம். லீவர் பிடிகள் வழவழப்பாகி, மூட்டுகளைக் கோக்கும் பின்னும் (pin) அதன் புஷ்ஷும் ஆடி, மெஷின் நகரும் டிராக்கின் ரப்பர் வெடித்திருந்தால் 400 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

எஞ்சின் விஷயம் எனக்குத் தெரியாது சார். எதைக் கவனிப்பது?

போனதும் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். நீங்கள் வருமுன்னே சூடாகியிருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவதை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். ஆறியபின் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

ஆனால் நான் அதிக நேரம் செலவிடுவது ஏர் ஃபில்டரில். இந்த மெஷின் நாள் முழுக்க மண்தூசிக்குள் நிற்கும். ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் தூசி உள்ளே போயிருக்கிறது, சிலிண்டரையும் ரிங்கையும் அது தேய்த்திருக்கும். சத்தம் நன்றாகக் கேட்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் வாங்கி, சில மாதங்களிலேயே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஹைட்ராலிக்கில் லேசாக ஈரம் இருக்கிறது. பரவாயில்லையா?

ஃபிட்டிங்கில் ஈரம் என்றால் பெரும்பாலும் இறுக்கினாலோ சீல் மாற்றினாலோ சரியாகும். தலைப்பகுதியை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் ராடில் கீறல் இருந்தால் புது சீலும் நீடிக்காது. தலைப்பகுதியைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டு, தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். அது தானாகக் கீழே இறங்கினால் சிலிண்டரோ வால்வோ உள்ளே கசிகிறது.

இன்னொன்று, கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளை வழியாக அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்ன முள் குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

சக்கரத்தைத் தாங்கும் கையான பூம் மடங்கும் இடத்திலும் வெல்டிங் ஓரங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிர்க்கோடு தெரிந்தாலோ, ஒழுங்கில்லாத புது வெல்டிங் மேடு தெரிந்தாலோ அங்கே ஒருமுறை விரிசல் விட்டிருக்கிறது.

அரைத்துக் காட்டக் கட்டை இல்லை, சும்மா ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார்.

அப்படியென்றால் கட்டை இருக்கும் இன்னொரு நாளில் போங்கள். வெறுங்காற்றில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் சுற்றும். மரத்தில் வைத்து அழுத்தும்போதுதான் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடுவது, கிளட்ச் பிடிக்காமல் போவது, எஞ்சின் அமுங்குவது எல்லாம் வெளிவரும். அரை மணி நேரமாவது அரைக்கச் சொல்லுங்கள். ஆயில் சூடானபின் இடவலமாக நகரும் வேகம் குறைந்தால் பம்ப் தேய்ந்திருக்கலாம்.

லீவரை விட்டாலும் சக்கரம் நிற்கவில்லை. அது சகஜமா?

எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிரைவ் துண்டான பிறகும் தன் எடையால் கொஞ்ச நேரம் சுற்றி ஓய்வது இயல்பு. டிரைவே துண்டாகவில்லை என்றால் பாதுகாப்பு சுவிட்சை யாரோ வயர் போட்டு இணைத்து வைத்திருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி, அதைச் சரிசெய்யாமல் ஒரு கட்டையைக்கூட அரைக்காதீர்கள்.