கோலாலம்பூரில் ஒரு வாரம்: கஸ்ர் தொழலாமா?

கோலாலம்பூரில் ஒரு வாரம் தங்கும்போது கஸ்ர் செய்யலாமா, அதாவது நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கொண்ட தொழுகைகளைப் பயணச் சலுகையாக இரண்டாகச் சுருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே விடுதியில் ஒரு வாரம் தங்குவதென முன்பே நிச்சயித்துவிட்டதால், நம் ஊரில் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவின்) படி கோலாலம்பூரில் நீங்கள் கஸ்ர் செய்ய முடியாது. போய்ச் சேர்ந்ததிலிருந்தே நான்கு ரக்அத்துகளை முழுமையாகத் தொழ வேண்டும்.

15 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் சுருக்கலாம் என்று உங்கள் மைத்துனர் சொன்னது, இன்னொரு பிரிவான ஹனஃபி மத்ஹபின் கணக்கு. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். நம்முடைய கணக்கில், வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் கழித்து, 4 முழு நாட்கள் ஓரிடத்தில் தங்கும் எண்ணம் இருந்தாலே பயணச் சலுகை நின்றுவிடும். நீங்கள் எழுதியபடி வெள்ளி இரவு இறங்கி அடுத்த வெள்ளி காலை திரும்பினால், இடையில் 6 முழு நாட்கள் வருகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரையான நெடும்பயணத்தில் ளுஹரையும் (நண்பகல் தொழுகை) அஸரையும் (பிற்பகல் தொழுகை) சேர்த்து, இரண்டிரண்டாகச் சுருக்கித் தொழலாம். சுபஹுக்கும் (அதிகாலை) மஃரிபுக்கும் (அந்தி) சுருக்கம் இல்லை. பிள்ளைகளுடன் பஸ்ஸில் போகும்போது இந்தச் சலுகையின் அருமை தெரியும். எங்கள் வீட்டில் சின்னவன் அதற்காகவே பயணம் கேட்பான்.

பயணத் திட்டத்தை எடுத்து ஒவ்வோர் ஊரின் முழு நாட்களையும் எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூரில் 3, பினாங்கில் 2 என்று பிரித்தால் விடை மாறும். அப்போது கஸ்ர் செய்யலாம், ஆனால் உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் முழுமையாகவே தொழ வேண்டும். திட்டம் இன்னும் உறுதியாகவில்லையெனில், புறப்படுமுன் உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் அதைக் காட்டிவிடுங்கள்.