இன்னும் ஓர் அறை கட்ட: கேள்விகளும் பதில்களும்

இருக்கிற வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட அனுமதி பெறுவது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேள்விகள் வந்துவிட்டன. நகராட்சி ஒன்றின் நகரமைப்புப் பிரிவில் வரைபடம் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான் என்பதால், தமிழ்நாட்டு விதிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): ஐயா, 1,200 சதுர அடி மனையில் 2004-இல் அனுமதி பெற்று 850 சதுர அடிக்குத் தரைத்தளம் மட்டும் கட்டினோம். இப்போது அம்மாவுக்காகப் பின்பக்கம் கழிவறையோடு 180 சதுர அடியில் ஓர் அறை வேண்டும். தளப்பரப்புக் குறியீடு நிறைய மிச்சம் இருப்பதால் தாராளமாகக் கட்டலாம் என்கிறார் மேஸ்திரி.

பதில்: மேஸ்திரியின் கணக்கு சரி, முடிவு தவறு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்களைப் போன்ற சாதாரண வீடுகளுக்குக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப்போல் இரு மடங்கு. ஆகவே 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி வரை கட்டலாம். நீங்கள் கேட்பதையும் சேர்த்தால் 1,030 தான் ஆகிறது. ஆனால் குறியீடு எவ்வளவு கட்டலாம் என்பதை மட்டுமே சொல்லும். எங்கே கட்டலாம் என்பதைச் சொல்வது சுற்றிலும் விட வேண்டிய காலியிடம். சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். நீங்கள் அறை கட்ட நினைக்கும் பின்பக்கத்து வெற்றிடம், 2004-இல் விட்டே ஆக வேண்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்த இடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனவே முதல் வேலையாக, முத்திரையும் அனுமதி எண்ணும் உள்ள அந்தப் பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். இதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், மடிப்புகளில் பழுப்பேறிப் பிய்ந்துபோன நீலப்பிரதி ஒன்றைத் தகரப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்து விரித்தார்கள். பக்கவாட்டில் ஐந்தடி இடைவெளி என்று அதில் இருந்தது. டேப்பைப் பிடித்துப் பார்த்தால் மூன்றடி நான்கு அங்குலம். வரைபடத்தில் வீட்டுக்குள் இருந்த படிக்கட்டு, கட்டும்போது வெளியே வந்து அந்த இடைவெளியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர்கள் கேட்டது ஓர் அறை. ஆனால் பழைய படிக்கட்டுக்கு விடை சொல்லாமல் புதிய அறைக்கு விண்ணப்பிக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. உங்கள் வீட்டையும் ஒருமுறை அளந்துவிட்டுப் பிறகு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பின்பக்கம் இடமில்லை என்றால் மாடிதான் வழி. அம்மாவால் படியேற முடியாது என்பீர்கள். அவருக்குக் கீழே உள்ள அறையைக் கொடுத்துவிட்டு நீங்கள் மேலே போகலாம். அதற்குமுன், பழைய அடித்தளம் மாடியைத் தாங்குமா என்று பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். பில்லர் போட்ட வீடா, ஒன்பது அங்குலச் சுவரே பாரம் தாங்கும் வீடா என்பதைப் பொறுத்து அவர் பார்க்கும் முறை மாறும். பில்லர் வீடு என்றால், ஒன்றிரண்டு பில்லர்களின் அருகில் குழி தோண்டி, கீழே கான்கிரீட் எவ்வளவு அகலத்துக்கு, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்றபடியே “தாங்கும் சார்” என்று சொல்பவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

கேள்வி (மதுரை): சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறதாமே, கூடுதல் அறைக்கும் அதுவே போதாதா?

பதில்: 2024 ஜூலையில் வந்த திட்டம் அது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமாகவோ தரைத்தளமும் ஒரு மாடியுமாகவோ கட்டும் வீடுகளுக்கு, இணையவழியில் உரிமையாளரின் உறுதிமொழியின் பேரில் அனுமதி கிடைக்கிறது. காலிமனையில் கட்டுவோருக்கு இது நல்ல வசதி; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூடுதல் அறை கேட்பவரின் மனை காலிமனை அல்ல. அதில் ஏற்கெனவே ஒரு வீடு, பெரும்பாலும் அனுமதியை மீறிய ஒரு சன்ஷேடோ படிக்கட்டோ குளியலறையோ சேர்ந்து நிற்கிறது. எல்லாம் விதிப்படி உள்ளது என்று கையெழுத்திடுபவர் நீங்கள். அதிகாரி பார்த்து ஒப்பினால் தவறில் அவருக்கும் பங்கு உண்டு. சுயசான்றில் முழுப் பங்கும் உங்களுடையது. பழைய வரைபடமும் நிற்கும் வீடும் அங்குலம் பிசகாமல் ஒத்துப்போனாலன்றி, வழக்கமான முறையில் விண்ணப்பிப்பதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி (சேலம்): பக்கத்து வீட்டுக்காரர் என் சித்தப்பா. எல்லைச் சுவரை ஒட்டிக் கட்டிக்கொள்ள முத்திரைத்தாளில் சம்மதம் எழுதித் தருகிறார். போதுமா?

பதில்: போதாது. அந்த இடைவெளி சித்தப்பாவுக்காக விடப்படுவது அன்று. காற்று, வெளிச்சம், தீ விபத்தில் ஆள் நுழைவதற்கான வழி ஆகியவற்றுக்காக விதி கேட்பது. விட்டுக்கொடுக்க அது அவருடையதல்ல. நாளை அவர் வீட்டை விற்றால் வாங்குபவர் உங்கள் மருமகனாக இருக்கப்போவதும் இல்லை.

கேள்வி (வேலூர்): மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, சுற்றிலும் ஹாலோ பிளாக் அடுக்கிக் கதவு வைத்தால் அதற்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். மேலே கான்கிரீட் இல்லாவிட்டால் கட்டடம் ஆகாது என்று எங்கிருந்தோ ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. 2023 வரை நடைமுறையில் இருந்த 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே ‘கட்டடம்’ என்ற சொல்லுக்குள் கொட்டகையும் குடிசையும் அடங்கியிருந்தன. செங்கல், மரம், மண், உலோகம் என எதனால் ஆனதானாலும் கட்டடமே. சுவர் எழுப்பிக் கதவும் வைத்த பிறகு அது அறைதான்.

கேள்வி (காஞ்சிபுரம்): கைலாசநாதர் கோயிலுக்கு அருகில் எங்கள் பூர்விக வீடு. மாடியில் ஓர் அறை போட மாநகராட்சிப் பக்கம் போனால் தொல்லியல் துறையின் தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். எங்கள் சொந்த இடம்தானே?

பதில்: இது நல்ல கேள்வி, பலருக்கும் தெரியாத சங்கதி. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் இப்படிச் சொல்கிறது. கோபுரத்திலிருந்து அளக்காதீர்கள், எல்லையிலிருந்து அளங்கள்.

உங்கள் வீடு இரண்டாவது வளையத்தில் இருந்தால், தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்று, தகுதியுள்ள அதிகாரி வழியாக அனுமதி வாங்க வாய்ப்புண்டு. முதல் 100 மீட்டருக்குள் இருந்தால் நிலைமை வேறு. அங்கே பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். அதுவும் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால், அல்லது பின்னால் அத்துறையின் ஒப்புதலோடு கட்டியது என்றால். ஆனால் அச்சட்டம் கட்டுமானம் என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போதே, மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ செய்யும் எந்த விரிவாக்கமும் அதில் அடங்கும் என்று சேர்த்துவிட்டது. ஆகவே ‘புதுப்பிக்கிறேன்’ என்று விண்ணப்பித்துவிட்டு மாடி எழுப்ப முடியாது. தஞ்சாவூர், மாமல்லபுரம் அன்பர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனை வாங்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் இது.

கேள்வி (ஓசூர்): தகரக் கூரை மட்டும்தான், சுவர் தகரத்திலேயே. இதற்குமா?

பதில்: வேலூர் அன்பருக்குச் சொன்ன பதிலில் ‘உலோகம்’ என்ற சொல் இருக்கிறது.

கேள்வி (கோவை): ஐயா எல்லாரையும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் கட்டிவிட்டுத்தான் கேட்டார்கள். அரசு எப்படியும் வரன்முறைத் திட்டம் கொண்டுவரும். அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம். அனுமதிக்கு அலையும் செலவைவிட அதுவே மலிவு.

பதில்: நான் வேலையில் இருந்தபோது தினமும் கேட்ட வாதம் இது, எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். ஒருமுறை மட்டும் என்ற அடிப்படையில்தான் உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை ஏற்றது. பிறகு அந்த நாளைத் தள்ளிக்கொண்டே போன திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதன்பின் 2012-இல் அதே சட்டத்தில் 113-சி என்ற இன்னொரு வரன்முறைப் பிரிவு வந்தது. அதன் கெடு நாள் 2007 ஜூலை 1. இந்த இரு கெடு நாள்களையும் நன்றாகப் பாருங்கள். இரண்டும் பின்னோக்கிப் பார்ப்பவை. நீங்கள் வரும் தையில் கட்டப்போகும் அறை இரண்டிலும் அடங்காது.

மீண்டும் கோவை: மூன்றாவதாக ஒன்று வராது என்று உங்களால் உறுதி கூற முடியுமா?

பதில்: முடியாது. வரும் என்று உங்களாலும் முடியாது. ஆனால் பணம் போடுபவர் நீங்கள். திட்டம் வராத ஆண்டுகளில் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி நோட்டீஸ் வரும், பூட்டி முத்திரையும் வைக்கலாம்.

வேறோர் அன்பர் (ஈரோடு): கோவைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முறையாகக் கேட்டவன் மாதக்கணக்கில் அலைகிறான். கேட்காமல் கட்டியவன் கிரகப்பிரவேசம் முடித்துவிட்டான். அலையவைத்தது யார் குற்றம்?

பதில்: அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஒரே குறையை மூன்று தவணையாகச் சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பும் பழக்கத்தை நானே அருகிலிருந்து பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அலைச்சலுக்குப் பரிகாரம், குறையை எழுத்தில் ஒரே தடவையில் கேட்டு வாங்குவது. அறையைக் கட்டிவிடுவது அன்று. இன்னொன்றும் உண்டு. 2024 டிசம்பர் 17 அன்று உத்தரப் பிரதேச வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அனுமதியின்றிக் கட்டியதை நீண்ட காலம் கடந்துவிட்டது, நிறையச் செலவாகிவிட்டது என்ற காரணங்களால் நியாயப்படுத்த முடியாது என்றும், வங்கிகள் உரிய சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. கோவை அன்பரின் தெருவில் கட்டி முடித்தவர்கள் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும் நாளில் இந்த விவாதத்தைத் தொடரலாம். இதே வாதத்தோடு வந்த மற்ற பதினொரு கேள்விகளுக்கும் இதுவே பதில்.

கேள்வி (நாகர்கோவில்): ஈசானிய மூலையில் கழிவறை வருகிறது, வரைபடத்தை மாற்றலாமா?

பதில்: அனுமதிக்கு முன் மாற்றுங்கள், அனுமதிக்குப் பின் மாற்றாதீர்கள். மூலையைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை.

கேள்வி (திண்டுக்கல்): வீட்டு ஓரமாக 11 கே.வி. மின்கம்பி போகிறது. மாடி அறைக்கு எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும்?

பதில்: 11 கே.வி. கம்பிக்குப் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலாகச் சென்றால் 3.7 மீட்டர். வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பியென்றால் மேலே 2.5 மீட்டர், பக்கவாட்டில் அதே 1.2. கம்பி வெயிலில் தொய்ந்தும் காற்றில் ஆடியும் நிற்கும் நிலையிலிருந்து அளக்க வேண்டும். உங்கள் பக்கம் சுவரிலிருந்து அல்ல, சன்ஷேடின் விளிம்பிலிருந்து. அறை கட்டி முடித்த பிறகு இந்தத் தூரம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சந்தையில் வரும் முறுக்குக் கம்பியின் நீளம் 12 மீட்டர். அதைத் தெருவிலிருந்து நிமிர்த்தி மாடிக்கு ஏற்றும் நேரத்தில்தான் உயிர் போகிறது. வேலை நாள்களில் மின் நிறுத்தம் கேட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கம்பியைத் தெருவிலேயே தேவையான அளவுக்கு வெட்டிவிட்டு மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது.

பதில்: வாரிசுச் சான்று வாங்கி முதலில் பட்டாவை மாற்றுங்கள், அது வட்டாட்சியர் அலுவலக வேலை.

கேள்வி (சென்னை, அடுக்குமாடி): நான் மேல்தளத்தில் இருக்கிறேன். மேலே உள்ள மொட்டைமாடியில் ஓர் அறை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் பத்திரத்தில் இருப்பது பிரிக்கப்படாத பங்கு. மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. சங்கத்தையும் வழக்கறிஞரையும் கேளுங்கள்; எனக்கு முன்னால் அவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (தாம்பரம்): தகரத்துக்குப் பதில் யு.பி.வி.சி. ஷீட் போட்டால்?

பதில்: சுவரும் கதவும் இருந்தால் வேண்டும். கொட்டகை பற்றி இனி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (தர்மபுரி): விண்ணப்பம் கொடுத்துவிட்டோம், அனுமதி வரவில்லை. ஆடி முடிந்து ஆவணியில் தொடங்கினால்தான் ஆள் கிடைக்கும் என்கிறார் மேஸ்திரி. அடித்தளம் மட்டும் தோண்டி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். குழி தோண்டினாலே வேலை தொடங்கியதாகத்தான் கணக்கு. தோண்டிய குழியில் ஆவணி மழை நின்றால் பழைய வீட்டின் அடித்தளமும் சேர்ந்து இளகும். காத்திருக்கும் நாள்களில் மழைநீர்த் தொட்டிக்கு இடம் குறித்து வையுங்கள். 2003 முதல் அது இல்லாமல் எந்த வீட்டுக்கும் அனுமதி இல்லை, உங்கள் வரைபடத்தில் அது வரையப்படவில்லை என்பதை நீங்கள் அனுப்பிய படத்திலேயே பார்த்தேன். விண்ணப்பம் திரும்பி வருமானால் அதற்காகத்தான் வரும். நாளைக்கே உங்கள் பொறியாளரைத் திருத்தச் சொல்லுங்கள்.