தரிசு என்று யார் சொன்னது?

கேள்வி: சுவிட்சர்லாந்து மலைக்கிராமங்களில் ஊராரே கூடிப் பொதுநிலத்தை ஆண்டார்களாமே, நம் தோட்டங்களில் தரிசாகக் கிடக்கும் காணியையாவது அப்படி நடத்த முடியாதா? (ஹட்டன் வாசகர்)

பதில்: முடியும். ஆனால் 'தரிசு' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இந்தப் பக்கத்தில் அதோடு நான் மல்லுக்கு நிற்பது இது முதல் தடவையும் இல்லை. இலங்கையில் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, குடியில்லாதது, பயிரிடாதது எல்லாம் வேறுவிதமாக நிரூபிக்கும்வரை பிரிட்டிஷ் முடிக்கு, அதாவது அரசுக்கு, சொந்தம் என்றது. கண்டிச் சிங்களக் கிராமத்தாருக்கு அது மாடு மேய்ந்த இடம், விறகு எடுத்த இடம், சேனை வெட்டி, அதாவது காட்டை வெட்டிச் சுட்டு, குரக்கன் விதைத்துவிட்டுச் சில வருஷம் ஆறப்போட்ட மண். ஆறப்போட்டதைப் பார்த்து ஆளில்லை என்று எழுதி, ஏக்கர் 5 ஷில்லிங்குக்கும் கோப்பிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பிக்காட்டில் வேலை செய்யத்தான் நம் பாட்டன் பூட்டனைக் கூட்டி வந்தார்கள்.

இப்போது சுவிட்சர்லாந்து. வாலே மாநிலத்தில் டோர்பெல் என்றொரு ஊர். 1483இல் அந்த ஊரார் எழுதி வைத்த ஒப்பந்தம் மேய்ச்சல் மலை, காடு, தரிசு இவற்றைப் பற்றியதுதான். அதே தரிசு! அங்கே ஊர்ப்பொது, இங்கே முடிக்காணி. 1517இல் இன்னொரு விதி போட்டார்கள்: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் மலைக்கு ஓட்டலாம். காசிருக்கிறதென்று மந்தை வாங்கி ஓட்டிப் புல்லை மொட்டையடிக்க முடியாது. வெளியூரார் அங்கே நிலம் வாங்கினாலும் ஊரார் சம்மதிக்காமல் பொதுநிலத்தில் உரிமை இல்லை என்றும் வைத்தார்கள். அது மட்டும் நமக்கு வேண்டாம். 1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த மலையகச் சனம் நாம்.

சரி, கூடி ஆள நமக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள் விடியக்காலையில் தோட்டத்தில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வரட்டும். குடிதண்ணீர்க் குடம் முதலில், துணி அப்புறம், தேயிலைக் கொழுந்து பறிக்க நேரமாகிவிட்டவள் முன்னால் போகலாம், பீலிக்கு மேலே யாரும் கால் கழுவக்கூடாது. எந்த ஆபீசும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் உள்ளூராட்சிக்கான 1987 பிரதேச சபைச் சட்டமோ 2018இல் திருத்தும்வரை, நாம் வாக்குப் போட்ட சபையே தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுக்குச் செலவழிக்க வழிவிடவில்லை.

உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மானாப்புல் மண்டிய சரிவு இருக்குமே, அதில் எத்தனை வீட்டு மாடு மேய்கிறது, யார் எந்தப் பக்கம் புல் அறுக்கிறார்கள், யார் மரக்கறி போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் முழுசாகப் போடுகிறேன்.