நரம்புத் தளர்ச்சி இல்லை சார், ரத்தக் குழாய்

விறைப்புக் குறைவு என்ற இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கம்பத்து ஆள் மலையேறிக் குமுளியில் டாக்டரைத் தேடுவார், குமுளி ஆள் லோயர் கேம்ப் வழியாக இறங்கிக் கம்பம் வருவார். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். டாக்டரான எனக்கு வந்த கேள்விகளில் ஊர், பேரை எடுத்துவிட்டேன்.

வயது 46, ஜீப் டிரைவர். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனால் சாயங்காலம்தான் இறங்குவேன். ஆறு வருடமாக சுகர். ஒரு வருடமாக விறைப்பு முழுசாக வருவதில்லை, காலையில் எழும்போதும் இல்லை. நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். சரியாகுமா?

முதலில் அந்தச் சொல்லைத் தூக்கிப் போடுங்கள். லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு நாள் வைத்தியம் பார்ப்பவர்களின் போஸ்டரில்தான் அது நோய். உண்மையில் நடப்பது என்னவென்றால், ஆசை வந்ததும் நரம்பு சேதி அனுப்பும், நரம்பு முனையும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும், உடனே உள்ளே இருக்கும் தசை தளர்ந்து ரத்தம் பாய்ந்து நிறையும், வெளியேறும் வழி அழுந்தி மூடிக்கொள்ளும். ஆக, அங்கே தசை தளர்ந்தால்தான் விறைப்பே வரும்! (இந்த வாயு ரத்தக் குழாயில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-ல் நோபல் கொடுத்தார்கள்.)

கட்டுப்படாத சுகர் அந்த உட்சுவரையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, காலையிலும் இல்லை என்பதால் மனசைவிட உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் கவலைப்படுவது இன்னொன்றுக்கு. ஆணுறுப்புக்குப் போகும் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், இதயத்துக்குப் போவது 3 முதல் 4. அடைப்பு உடம்பு முழுக்க ஒன்றுபோல் படிந்தாலும் சின்னக் குழாய்தான் முதலில் திணறும், நெஞ்சுவலி பல பேருக்கு இரண்டு மூன்று வருடம் கழித்தே வரும். அதனால் மூன்று மாத சராசரி சுகர், கொழுப்பு, பிரஷர், ஈசிஜி எல்லாம் பாருங்கள். பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருப்பதற்கு ஈடாக அரை மணி நேர நடை வேண்டும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டு மாத்திரையும் சேர்த்தால் உங்கள் வயதில் நன்றாகவே தேற வாய்ப்பு உண்டு.

வயது 27. கல்யாணமாகி ஒரு மாதம். தனியாக இருந்தால் சரியாக இருக்கிறது, காலையிலும் வருகிறது, மனைவியிடம் போனால் போய்விடுகிறது. சின்ன வயதுக் கைப்பழக்கம்தான் காரணமா?

இல்லை தம்பி. கைப்பழக்கத்தால் இது வராது, அந்தக் குற்ற உணர்ச்சியால் வரும். காலையில் வருகிறது என்றால் குழாயும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்றுதான் அர்த்தம். "இன்றைக்காவது முடியுமா" என்று பயந்தால் அட்ரினலின் சுரந்து குழாயைச் சுருக்கிவிடும், பக்கத்து அறையில் மாமியார் வீட்டுச் சனம் வேறு இருமிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு உறவே வேண்டாம், சும்மா சேர்ந்து படுத்துப் பேசிக்கொண்டிருப்போம் என்று இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். பரீட்சை இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பேருக்குப் பயம் விட்டுப்போகும். சரியாகவில்லை என்றால் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் இப்படி. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். பழைய வகை பீட்டா பிளாக்கர், நீர் பிரியும் மாத்திரை இரண்டும் சிலருக்கு இதைச் செய்யும். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொன்னால் மாற்றித் தருவார்.

மெடிக்கலில் சீட்டு இல்லாமலே விறைப்புக்கான மாத்திரை கிடைக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் வைத்திருக்கிறேன். வயது 58. எடுக்கலாமா?

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. விறைப்பு மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த நைட்ரேட் மாத்திரையைத் தொடக்கூடாது. உங்களுக்கு எப்போது நெஞ்சுவலி வரும் என்று யாருக்குத் தெரியும், அதனால் இதய டாக்டரைக் கேட்காமல் அந்தப் பேச்சே வேண்டாம். "மூலிகைதான், பக்கவிளைவே இல்லை" என்று விற்கும் பொடி, லேகியம் சிலவற்றில் இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பதைப் பல நாடுகளில் சோதித்துப் பிடித்திருக்கிறார்கள். அரை மணியில் "வேலை செய்கிற" லேகியத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

என் வீட்டுக்காரருக்கு வயது 50. எட்டு மாதமாகக் கிட்டவே வருவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார். வேறு தொடர்பா டாக்டர்?

அப்படி முடிவு கட்டாதீர்கள் அம்மா. முடியாமல் போய்விடுமோ என்ற வெட்கத்தில் தள்ளிப் படுக்கிற ஆண்களைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன். ஆசையே குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு பார்க்க வேண்டும், மனச்சோர்வும் அதற்கான மாத்திரையும், தினசரிக் குடியும்கூடக் காரணமாகலாம். இதற்கென்று கூப்பிட்டால் வரமாட்டார். சுகர், பிரஷர் பார்த்து வருவோம் என்று கூப்பிடுங்கள், மிச்சத்தை நான் கேட்டுக்கொள்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் சரியாகத் தெரியும், பத்து மணிக்குள் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள்.