சதவீதத்தில் ஏமாறாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. கேரட், முட்டைகோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பிக்-அப் ஓட்டியவர். மாதம் 15,000 ரூபாய் கையில் நிற்கும். நான்கு மாதம் முன்பு பைக்கில் வந்தபோது வெளியூர் கார் மோதித் தலையில் அடி, கோவையில் ஆபரேஷன். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நினைவில்லை, சில்லறை எண்ண வரவில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். 40 சதவீத ஊனம் என்று சான்று தந்திருக்கிறார்கள். மக்கள் நீதிமன்றத்தில் 8 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. சம்மதிக்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இப்போது வேண்டாம். அங்கே கையெழுத்துப் போட்டால் அதோடு சரி, அப்பீல் கிடையாது. மூளைக்காயத்தில் எது திரும்பும், எது திரும்பாது என்று தெரியவே ஒரு வருடம்கூட ஆகலாம்.

ஆனால் இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கார் எந்த ஊருடையதாக இருந்தாலும், விபத்து இங்கே நடந்ததால் ஊட்டியில் உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். கணக்கு வழக்குப் புரியாத நிலையில் அவரிடமே கையெழுத்து வாங்கினால் பின்னால் சிக்கல். அவர் சார்பில் நீங்கள் மனுதாரராக அனுமதி கேளுங்கள்.

இனி அந்த 40. அது டாக்டர் கணக்கு. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 15,000-உடன் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 38 வயதுக்கு அந்தப் பெருக்கெண் 15. 21,000 × 12 × 15 = 37,80,000. இதில் 40 சதவீதம் என்றால் 15,12,000. நினைவும் கணக்கும் போனவர் இனி வண்டி ஓட்ட முடியாது, வேறு வேலையும் முடியாது என்று நிரூபித்தால் முழுத்தொகை. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. வீட்டில் நீங்களே பார்த்துக்கொண்டாலும் கவனிப்புச் செலவைக் கேளுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நிரூபிப்பது எப்படி? சி.டி. ஸ்கேனில் கோபமும் மறதியும் தெரியாது. நினைவு, யோசிக்கும் திறன் ஆகியவற்றை அளக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனையின் முடிவு எழுத்தில் வேண்டும். சான்று தந்த டாக்டர் சாட்சி சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: அடுப்பை அணைக்காமல் போனது, 500 ரூபாய்க்கு மீதி வாங்காமல் வந்தது. வருமானத்துக்கு மண்டிச் சீட்டுகளும் பேங்க் பாஸ்புக்கும்.

முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை இன்றே வாங்கிப் பாருங்கள். பதற்றத்தில் யாரோ ‘வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். எப்.ஐ.ஆர்., ஸ்பாட் மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுவது), பார்த்தவர் சாட்சி ஆகியவற்றால்தான் அதைச் சமாளிக்க முடியும்.

‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்று வக்கீல் பேசினால், பார் கவுன்சில் விதிப்படி அது கூடாது. பெண் என்பதால் வருமான வரம்பின்றி உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு; போன் எண் 15100.

கேள்வி: எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளை வெட்டும்போது அப்பா விழுந்து தலையில் அடி. அவர் கவனக்குறைவுதான் காரணம் என்கிறார் மேனேஜர். கேஸ் நிற்குமா?
- வாசகர், கூடலூர்

பதில்: நிற்கும். தொழிலாளர் இழப்பீடு கேட்க முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையே இல்லை. விழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் மட்டும் அங்கேதான் கேட்க வேண்டும்.